வீட்டு அபாயக் கழிவை முறையாக ஒப்படைப்பது எப்படி: பரண் இறக்குவதிலிருந்து கைமாற்றுவது வரை

பெயிண்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, சிஎஃப்எல் பல்பு, டியூப் லைட், காலாவதியான மாத்திரை, உடைந்த பாதரச வெப்பமானி, தீர்ந்த பேட்டரி, பயன்படுத்திய ஊசி. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டு அபாயக் கழிவு என்று பெயர் சொல்லிக் குறிப்பிட்டவை இவை. ஆசிட் பாட்டில், தின்னர், பழைய டிவி ஆகியவற்றையும் இங்கே சேர்த்துக்கொண்டிருக்கிறேன். போகிக்கு முன்னால் பரணைக் காலி செய்யும்போது எல்லாம் ஒன்றாகத்தானே இறங்குகின்றன.

எங்கள் குடியிருப்பில் இவற்றைச் சேகரித்து ஒப்படைக்கும் வேலையைச் செய்துவருகிறேன். புதிதாக இதில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள்: பொருளை வீட்டிலேயே ஒழித்துக்கட்டப் பார்க்கிறார்கள். சாக்கடையில் ஊற்றலாமா, எரித்துவிடலாமா, தோட்டத்தில் புதைக்கலாமா, எதையாவது கலந்து வீரியத்தைக் குறைக்கலாமா என்று கேட்பார்கள். நான்குமே தவறு. இன்ன பொருள் என்று தெரியும்படி, கசியாமல், உடையாமல் பத்திரப்படுத்தி, அதைக் கையாளத் தெரிந்தவரிடம் கொடுப்பதோடு நம் வேலை முடிகிறது.

1. வாங்கிக்கொள்கிறவரை முதலில் கண்டுபிடியுங்கள்

பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் இறக்கி வராந்தாவில் பரப்பிவிட்டு, மாலையில்தான் இதை யாரிடம் கொடுப்பது என்று யோசிப்பார்கள். இருட்டியதும் எல்லாம் தெருக்கோடித் தொட்டிக்குப் போய்விடும். எனவே, கொடுக்கும் இடமும் நாளும் உறுதியாகும்வரை பரணில் கை வைக்க வேண்டாம்.

சென்னையில் இருந்தால் மாநகராட்சியின் 1913 எண்ணில் கேளுங்கள். மற்ற நகரங்களில் வார்டின் சுகாதார ஆய்வாளரைப் பிடிப்பதுதான் விரைவான வழி; தினமும் வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளருக்கு அவருடைய எண் தெரிந்திருக்கும். கிராம ஊராட்சி என்றால் தூய்மைக் காவலர்களிடமும் ஊராட்சிச் செயலரிடமும் விசாரியுங்கள். "அப்படி ஒரு வசதி இல்லையே" என்று பதில் வந்தால், 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் வீதம் அமைக்கும் பொறுப்பை 2016 விதிகளே உள்ளாட்சி அமைப்புகளிடம் கொடுத்திருந்ததை நினைவூட்டுங்கள். சண்டையாக வேண்டாம், எழுத்தில் கேட்டாலே போதும். ஒரு வீட்டுக்காரர் தனியாகக் கேட்பதைவிட குடியிருப்போர் சங்கத்தின் தாளில் பத்துப் பேர் கையெழுத்திட்டுக் கேட்டால் வேலை நடக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வாங்கிக்கொள்ள மாட்டார்கள் என்பதையும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரி பேட்டரிக் கடைக்குப் போகும். மின்னணுக் கழிவு உரிமம் பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குப் போகும். அந்த நிறுவனங்களின் பட்டியல் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம் உண்டு. ஊசி மருத்துவமனைக்குப் போகும். மீதிதான் உள்ளாட்சிக்கு.

2. கையில் தயாராக இருக்க வேண்டியவை

தடித்த ரப்பர் கையுறை, பழைய மூக்குக்கண்ணாடி அல்லது பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை, செருப்புக்குப் பதில் மூடிய ஷூ. மெல்லிய பாலிதீன் கையுறை வேண்டாம், ஆசிட் பாட்டிலின் ஈரம் பட்டால் வழுக்கும்.

பொருள்களை வைக்க, மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி இரண்டும் அட்டைப்பெட்டி இரண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வாய் அகன்ற கண்ணாடி ஜாடி ஒன்று, உலர்ந்த மணல் ஒரு சட்டி, பழைய செய்தித்தாள், செலோ டேப், அழியாத மார்க்கர் பேனா. மணல் மிக முக்கியம். எது சிந்தினாலும் முதலில் மணலைப் போட்டு உறிஞ்ச விடலாம். தண்ணீரை ஊற்றினால் சிந்தியது பரவத்தான் செய்யும்.

கழிவுக்குக் கறுப்புப் பை மட்டும் வேண்டாம். உள்ளே இருப்பது தெரியாததால், வாங்கும் தூய்மைப் பணியாளர் பையைக் கையால் அழுத்திப் பார்ப்பார்.

3. எதை முதலில் இறக்குவது

கண்ணாடிப் பொருள் முதலில்: டியூப் லைட், சிஎஃப்எல், பாதரச வெப்பமானி, பழைய பிபி கருவி. இவற்றின் மேல் வேறெதுவும் விழக் கூடாது என்பதால் இவைதான் முதலில் வெளியேற வேண்டும். அடுத்து பேட்டரிகள். அதன்பின் திடப்பொருள்களும் மருந்துகளும். திரவங்கள் கடைசியில், அதுவும் ஒரு நேரத்தில் ஒரே பாட்டில்.

தரையில் வைக்கும்போதே இடம் பிரித்துவிடுங்கள். ஆசிட் வகை ஒரு மூலையில், ப்ளீச்சிங் பவுடர் வகை எதிர் மூலையில், பெயிண்ட்டும் தின்னரும் வாசல் பக்கம், அடுப்பு, பூஜை விளக்கு இவற்றிலிருந்து தள்ளி. இதையெல்லாம் சமையலறையில் செய்யாதீர்கள். காற்று வரும் வராந்தாவோ மொட்டைமாடி நிழலோ சரி. குழந்தைகளும் நாயும் அந்தப் பக்கம் வராத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பொருளையும் அது இருக்கும் டப்பாவிலிருந்து வேறு டப்பாவுக்கு மாற்றக் கூடாது. டப்பாவே கசிந்தால், அதை அப்படியே ஒரு பெரிய வாளிக்குள் இறக்கிச் சுற்றிலும் மணல் போடுங்கள். லேபிள் கிழிந்த பாட்டிலில் என்ன இருக்கிறது என்று மூக்கை வைத்து முகர்ந்து பார்ப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். வேண்டாம். "என்னவென்று தெரியவில்லை" என்று எழுதி ஒட்டிவிட்டால் போதும். அந்தச் சீட்டும் வாங்குபவருக்கு உபயோகமான தகவல்தான்.

4. பாதரசம்: பல்பு, டியூப் லைட், வெப்பமானி

எல்இடி பல்பில் பாதரசம் இல்லை. சிஎஃப்எல்லிலும் டியூப் லைட்டிலும் சில மில்லிகிராம் உண்டு. காய்ச்சல் பார்க்கும் கண்ணாடி வெப்பமானியில் ஏறக்குறைய ஒரு கிராம். தாத்தா காலத்து, பெட்டிக்குள் மடக்கி வைக்கும் பிபி கருவியிலோ வெப்பமானியைப் போல் நூறு மடங்கு வரை இருக்கும். ஆகவே பரணில் பிபி கருவி இருந்தால் அதற்குத்தான் முதல் மரியாதை: அடைப்பான் இருந்தால் மூடி, சாய்க்காமல், பெட்டியோடு நிமிர்த்தி இறக்குங்கள்.

உடையாத பல்பைச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் நிற்க வையுங்கள். டியூப் லைட்டை அது வந்த அட்டை உறையிலேயே போடலாம். உறை இல்லையென்றால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தாளில் சுற்றிய பிறகே கட்டுங்கள். நான்கு டியூப்பை ஒன்றாக வைத்து இறுக்கிக் கயிறு கட்டினால் நடுவில் இருப்பது உடையும். காயலாங்கடையில் போட்டால் முனையில் உள்ள உலோகத்துக்காக அங்கேயே உடைப்பார்கள். ஆவியை அங்கே நிற்கிறவர் சுவாசிப்பார்.

பல்பு உடைந்துவிட்டால் இந்த வரிசையில் செய்யுங்கள். மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்துங்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லாரும் அறையை விட்டு வெளியேறிக் கதவைச் சாத்துங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் போகட்டும், ஆவியின் பெரும்பகுதி கலைந்துவிடும். அப்புறம் கையுறையோடு உள்ளே போய், கெட்டியான அட்டை இரண்டை வைத்துச் சில்லுகளைக் கூட்டி ஜாடியில் போடுங்கள். மிஞ்சிய பொடியைச் செலோ டேப்பின் ஒட்டும் பக்கத்தால் ஒற்றி எடுத்து, கடைசியாக ஈரத் தாளால் துடையுங்கள். டேப், தாள், அட்டை எல்லாமே ஜாடிக்குள் போக வேண்டும். மூடி, வீட்டுக்கு வெளியே நிழலில் வையுங்கள்.

துடைப்பம் எடுக்காதீர்கள், வாக்குவம் கிளீனர் வேண்டவே வேண்டாம். துடைப்பம் பாதரசத்தைப் பொடிப்பொடியாகச் சிதறடிக்கும், இயந்திரம் அதை ஆவியாக்கி அறை முழுக்க ஊதும்.

வெப்பமானி உடைந்தால் இன்னும் சில கூடுதல் வேலைகள் உண்டு. முதலில் மோதிரம், வளையல் என்று கையில் இருக்கும் தங்கத்தையெல்லாம் கழற்றி வைத்துவிடுங்கள். பாதரசம் பட்டால் தங்கத்தோடு கலந்து வெளுத்துவிடும், நகையும் பலவீனமாகும். அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடித்தால் ஒளிந்திருக்கும் மணிகள் மின்னும். அட்டையால் ஒன்றுசேர்த்து, ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி, மூடி இறுகும் புட்டியில் விடுங்கள். சிரிஞ்சும் அதே புட்டியோடு கழிவுதான். வாஷ்பேசினில் கழுவிவிடக் கூடாது. கனமான பொருள் என்பதால் குழாயின் வளைவில் போய்த் தங்கி அங்கிருந்தே ஆவியாகிக்கொண்டிருக்கும். பாதரசம் பட்ட துணியை வாஷிங் மெஷினில் போடாமல் பைக்குள் கட்டிக் கழிவோடு சேர்த்துவிடுங்கள்.

சிறுவர்களுக்கு அந்த வெள்ளி மணியை உருட்டி விளையாட ஆசை வரும். பெரியவர்களுக்கும்தான். ஒருபோதும் வேண்டாம்.

5. பேட்டரி

பேட்டரியில் நான்கு இனம். நான்குக்கும் நான்கு வழி.

ரிமோட், கடிகாரத்தில் போடும் பென்சில் பேட்டரி: கசிந்து வெள்ளைப் பொடி பூத்திருந்தால் கையுறையோடு எடுங்கள், வெறும் விரலால் சுரண்ட வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து வரலாம்.

பொத்தான் பேட்டரி: அளவில் சிறியது, ஆனால் வீட்டில் குழந்தை இருந்தால் இந்தப் பட்டியலிலேயே மிகக் கொடியது. விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவைப் பொசுக்கத் தொடங்கிவிடும். தீர்ந்த பேட்டரியிலும் அதற்கான மின்சாரம் மிஞ்சியிருக்கும். கழற்றிய அந்த நிமிடமே இரண்டு பக்கமும் டேப் ஒட்டி உயரத்தில் வையுங்கள். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போங்கள், வீட்டில் காத்திருக்கக் கூடாது.

லித்தியம் பேட்டரி: செல்போன், லேப்டாப், பவர் பேங்க், டிரிம்மர், புளூடூத் இயர்போன். குப்பை வண்டியில் அமுக்கும்போது நசுங்கித் தீப்பிடிப்பது இதுதான். முனைகள் ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளில் சுற்றி வையுங்கள். உலோக டப்பாவில் ஆணி, சில்லறைக் காசு, சாவியோடு சேர்த்துப் போட்டால் முனைகள் தொட்டுக்கொண்டு சூடேறும்.

உப்பிய பேட்டரியைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2011 முதல் மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்கள் பல வீடுகளில் இன்னும் அலமாரியில் இருக்கின்றன. பல வருடம் திறக்காமல் கிடந்த லேப்டாப்பின் அடிப்பாகம் புடைத்திருந்தாலோ, போனின் திரை தூக்கிக்கொண்டு நின்றாலோ, உள்ளே வாயு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். வேலை செய்கிறதா பார்க்கலாமே என்று சார்ஜில் போடாதீர்கள். அமுக்காதீர்கள். ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றும் வித்தையைச் சில வீடியோக்களில் காட்டுகிறார்கள். குத்திய இடத்தில் தீ வரும். மணல் சட்டியில் புதைத்தாற்போல் வைத்து, காற்றுப் போக்குவரத்து இருக்கும்படி லேசாக மூடி, வீட்டுக்கு வெளியே வெயில் படாத இடத்தில் விட்டுவிடுங்கள். இறுக்கி மூடினால் வாயு வெளியேற வழியில்லை. மற்ற பேட்டரிகளோடு சேர்க்காமல், கொடுக்கும்போதும் "இது உப்பியிருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். புகையத் தொடங்கினால் வெளியேறி 101ஐ அழையுங்கள், அந்தப் புகையே நச்சு.

ஈய அமில பேட்டரி: இன்வெர்ட்டர், கார், பைக். இதற்கு மட்டும் ஓரளவு நல்ல ஏற்பாடு நாட்டில் இருக்கிறது. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். சாய்க்காமல் தூக்குங்கள், முனைகளை மூடுங்கள். கனம் குறையட்டும் என்று உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டுகிறவர்கள் உண்டு. அது தண்ணீர் இல்லை, கந்தக அமிலம். தோலில் பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

6. ஆசிட், ப்ளீச்சிங் பவுடர், அடைப்பு நீக்கி

வீட்டு விபத்துகளில் மிக வேகமாக நடப்பது இங்கேதான். கழிப்பறை கழுவும் ஆசிடில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். ப்ளீச்சிங் பவுடரில் இருப்பது கால்சியம் ஹைப்போகுளோரைட். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு சாத்திய குளியலறையில் சில நொடிகளில் மூச்சு முட்டும். "மிச்சம் மீதியையெல்லாம் ஒரே வாளியில் ஊற்றிக் கக்கூஸைக் கழுவித் தீர்த்துவிடலாம்" என்ற சிக்கன யோசனைதான் பெரும்பாலும் இதற்குக் காரணம். அமோனியா கலந்த கண்ணாடி துடைப்பானையும் ப்ளீச்சோடு சேர்க்கக் கூடாது. அதிலும் நச்சு வாயு வரும்.

தவறுதலாகக் கலந்துவிட்டால் தண்ணீர் ஊற்றிச் சரிசெய்ய நிற்காதீர்கள். வெளியே ஓடுங்கள், கதவு ஜன்னல் திறந்திருக்கட்டும், இருமல் நிற்கவில்லையென்றால் 108.

சரி, இவற்றை எப்படித் தீர்ப்பது? சுத்தம் செய்யும் பொருள்களுக்கு மட்டும் மிகச் சிறந்த வழி, அவற்றை அவற்றின் வேலைக்கே பயன்படுத்தி முடிப்பது. அரை பாட்டில் ஆசிட் இருந்தால் லேபிளில் சொன்ன அளவில், சொன்ன இடத்தில், பல நாள்களில் பயன்படுத்துங்கள். ஆசிட் போட்ட நாளில் ப்ளீச்சிங் பவுடரைத் தொடாதீர்கள். நீர்க்க வேண்டுமென்றால் வாளித் தண்ணீரில் ஆசிடை மெதுவாக ஊற்ற வேண்டும். ஆசிடில் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். வேண்டாதவர்கள் லேபிளோடு அண்டை வீட்டுக்குக் கொடுத்துவிடலாம்.

குழாய் அடைப்பு நீக்கி பெரும்பாலும் காஸ்டிக் சோடா. ஈரம் பட்டால் சூடேறும், அலுமினியத்தை அரிக்கும். எனவே அலுமினியப் பாத்திரத்தில் கொட்டி வைக்காதீர்கள், திறந்த பாக்கெட்டை இரட்டை உறையில் உலர்வாக வையுங்கள்.

தெருவில் வண்டியில் வரும் ஆசிடையும் பினாயிலையும் பழைய குடிநீர் பாட்டிலில் வாங்கும் வழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. தாகத்தோடு வருகிறவர் அதை எடுத்துக் குடிக்கும் அபாயம் நிஜமானது. அப்படி இருந்தால், மாற்றி ஊற்றக் கூடாது என்று மேலே சொன்ன விதி இங்கேயும் செல்லும்: பாட்டிலை மாற்றாமல், சுற்றிலும் சிவப்பு மார்க்கரால் பெரிதாக எழுதி, வாளிக்குள் வையுங்கள். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போன வழியெல்லாம் இரண்டாம் முறை வெந்துபோகும். மண்ணெண்ணெய்க்கும் இதே விதி, அதில் நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து வேறு.

7. பெயிண்ட், வார்னிஷ், தின்னர்

தண்ணீரில் கரையும் எமல்ஷன், எண்ணெய் அடிப்படையிலான எனாமல் என்று முதலில் பிரியுங்கள். டப்பாவில் தூரிகையை எதில் கழுவச் சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். தண்ணீர் என்றால் எமல்ஷன். தின்னர் அல்லது டர்பன்டைன் என்றால் எனாமல்.

மிஞ்சிய எமல்ஷனை மூடியைத் திறந்து, மணலோ மரத்தூளோ கலந்து, நிழலில் கெட்டியாகக் காயவிடுங்கள். நிறைய இருந்தால் மெல்லிய அடுக்குகளாகக் காயவையுங்கள்; மேலே ஆடை கட்டி உள்ளே ஈரமாகவே இருப்பதுதான் வழக்கமான ஏமாற்றம். எனாமலையும் தின்னரையும் காயவைக்க வேண்டாம், ஆவி தீப்பிடிக்கும். மூடியை இறுக்கி அப்படியே ஒப்படைக்க வேண்டும்.

தூரிகை கழுவிய தின்னரைக் கொட்டாதீர்கள். கண்ணாடி பாட்டிலில் மூடி வைத்தால் வண்டல் அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மறுபடி பயன்படுத்தலாம், அடியில் உள்ளது மட்டும் கழிவு. ஆளி விதை எண்ணெய் கலந்த பாலிஷ் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் யாரும் கொளுத்தாமலே பற்றிக்கொள்ளும், காயும்போது அந்த எண்ணெய் வெப்பத்தை வெளிவிடுகிறது. வெளியே விரித்துக் காயவிட்ட பிறகே பையில் போடுங்கள்.

பழைய வீட்டின் ஜன்னல் கம்பியைச் சுரண்டுகிறீர்களா? இந்தியாவில் வீட்டுப் பெயிண்ட்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொண்டு, ஈரப்படுத்திச் சுரண்டி, விழும் பொருக்கைத் தாளில் கூட்டிக் கட்டுங்கள்.

8. பூச்சிமருந்து, எலிமருந்து, ஸ்ப்ரே டப்பா

மாடித்தோட்டத்துப் பூச்சிமருந்து பாட்டில் காலியானதும் மூன்று முறை கழுவுங்கள். கழுவிய தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிச் செடிக்கு அடித்துவிடலாம், சாக்கடைக்கு வேண்டாம். பிறகு பாட்டிலில் ஓட்டை போடுங்கள். இல்லாவிட்டால் யாராவது எடுத்துப்போய் எண்ணெய் ஊற்றி வைப்பார்கள்.

கொசு, கரப்பான் ஸ்ப்ரேக்கு இது நேர்மாறு: ஓட்டை போடவே கூடாது. காலியானது போலிருந்தாலும் உள்ளே அழுத்த வாயு இருக்கும். போகி நெருப்பில் வெடிப்பது பெரும்பாலும் இந்த டப்பாதான். வாசனைத் திரவிய டப்பாவுக்கும் இதேதான்.

எறும்பு சாக்பீஸ் குழந்தைகளுக்கு உண்மையான சாக்பீஸாகத் தெரியும். பாச்சை உருண்டை மிட்டாயாகத் தெரியும். இரண்டையும் மூடி திருகும் டப்பாவில் போடுங்கள்.

மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது. பழைய டியூப் ஒன்று கிடைத்தால் பிதுக்கிக் காலி செய்யாதீர்கள். பாஸ்பரஸ் காற்றில் தானே எரியும், உடலுக்குள் போனால் கல்லீரலைக் கெடுக்கும், அதற்கு முறிவு மருந்து கிடையாது. மூடியோடு தனி ஜாடியில் வைத்து, பெயரை எழுதி, நேரில் கொடுங்கள்.

9. மருந்தும் ஊசியும்

வீட்டில் இருக்கும் மருந்தையெல்லாம் மேசையில் கொட்டித் தேதி பாருங்கள். காலாவதியானதை மட்டும் எடுத்தால் போதாது. பாதியில் நிறுத்திய ஆன்டிபயாட்டிக், தேதி தெரியாதபடி கிழிந்த அட்டை, திறந்து மாதங்கள் ஆன சிரப், கண் சொட்டு மருந்து எல்லாம் போக வேண்டும்.

கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் விடுவதுதான் பலருக்கும் முதலில் தோன்றுகிறது. பெரும்பாலான மருந்துக்கு அது தவறு. ஆன்டிபயாட்டிக் நீர்நிலையில் கலந்தால், அதற்கு அஞ்சாத கிருமிகள் பெருக நாமே வழி செய்கிறோம். மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பிறர் கையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து என்பதால் 17 மருந்துகளை மட்டும் கழிப்பறையில் விட்டுவிடச் சொல்லியிருக்கிறது. ஃபென்டனில், டிரமடால், டயஸபாம் போன்றவை அதில் அடக்கம். புற்றுநோய் வலிக்காக வாங்கி மிஞ்சிய மருந்து வீட்டில் இருந்தால், மருந்தாளுநரிடம் பெயரைக் காட்டிக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மற்றவற்றை அட்டையோடு கவரில் போட்டு, அட்டையின் மேல் மார்க்கரால் குறுக்கே கோடு இழுத்துவிடுங்கள். குப்பையிலிருந்து எடுத்து மறுபடி விற்க முடியாமல் போகும். மருந்துச் சீட்டில் உள்ள நோயாளி பெயரையும் அடித்துவிடுங்கள். வாங்குபவர் யாருமே கிடைக்காத ஊரில் மாத்திரைகளைப் பிரித்து, பொடியாக்காமல், பயன்படுத்திய டீத்தூளோடு கலந்து, பையை இறுகக் கட்டி அபாயக் கழிவுப் பையில் சேர்க்கலாம். டீத்தூள் எதற்கு என்றால், நாயோ குழந்தையோ ஆசைப்பட்டு எடுக்காமல் இருக்க. இன்ஹேலர் ஸ்ப்ரே டப்பா இனம், குத்தக் கூடாது.

இன்சுலின் ஊசிக்குத் தடித்த பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை ஒதுக்குங்கள்; துணி சோப்புத் திரவம் வந்த பாட்டில் பொருத்தமானது. குடிநீர் பாட்டில் மெல்லியது, ஊசி குத்திக்கொண்டு வெளியே வரும். போட்ட ஊசிக்கு மறுபடி மூடி மாட்ட முயலாதீர்கள், விரலில் குத்துவது அப்போதுதான். அப்படியே பாட்டிலில் போடுங்கள். முக்கால் பாகம் நிறைந்ததும் மூடி, டேப் ஒட்டி, "ஊசி" என்று எழுதி, நீங்கள் வைத்தியம் பார்க்கும் மருத்துவமனையில் கேளுங்கள். மருத்துவக் கழிவை எடுத்துப்போகும் வண்டி அங்கே வரும்.

10. பழைய டிவி

2006க்கும் 2011க்கும் இடையில் அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சி பழுதாகி, தூக்கி எறியவும் மனம் வராமல், பரணில் உட்கார்ந்திருக்கும் வீடுகள் ஏராளம். அந்தக் குமிழ்த் திரையின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. உள்ளே வெற்றிடம், பின்பக்கக் கழுத்து உடைந்தால் திரை உள்நோக்கி நொறுங்கிச் சிதறும். மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். எனவே பின்மூடியைக் கழற்றாதீர்கள். கனமெல்லாம் திரைப் பக்கம்தான், திரையை மார்போடு அணைத்து இருவராகத் தூக்குங்கள்.

காயலாங்கடைக்காரர் நல்ல விலைதான் சொல்வார். அவருக்கு வேண்டியது உள்ளே இருக்கும் செம்பு. அதை எடுத்ததும் கண்ணாடி ஏதாவது காலி மனையில் போய்ச் சேரும். செம்புக்காக வயரை எரிப்பதும் அப்படித்தான், புகையில் டயாக்சின் என்ற நச்சு வரும். உரிமம் பெற்றவரிடம் குறைந்த விலைக்கோ சும்மாவோ கொடுங்கள், ரசீது கேட்டு வாங்குங்கள்.

போன், கம்ப்யூட்டர் என்றால் கணக்குகளிலிருந்து வெளியேறி, தகவல்களை அழித்து, சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்த பிறகு கொடுங்கள். தனியே கழற்ற வரும் பேட்டரியைக் கழற்றிப் பேட்டரிப் பெட்டிக்கு மாற்றுங்கள்.

11. சீட்டு ஒட்டி, கையில் கொடுங்கள்

ஒவ்வொரு வாளியிலும் பெட்டியிலும் தமிழில், பெரிய எழுத்தில், உள்ளே என்ன, உடைந்ததா முழுசா என்று எழுதுங்கள். "அபாயம்" என்று மட்டும் எழுதினால் வாங்குபவருக்கு ஒன்றும் புரியாது. "உடைந்த டியூப் லைட், பாதரசம்" என்றால் எப்படித் தூக்குவது என்று அவருக்குத் தெரியும்.

முந்தின இரவே வாசலில் வைக்காதீர்கள். நாய் கிழிக்கும், பழைய பொருள் பொறுக்குபவர் வெறுங்கையால் கிளறுவார். வண்டி வரும் நேரத்தில் நீங்களே நின்று, ஒவ்வொன்றையும் சொல்லிக் கொடுங்கள். அவரிடம் கையுறை இல்லையென்றால் உங்களுடையதைக் கொடுங்கள், அல்லது நீங்களே வண்டியில் ஏற்றிவிடுங்கள்.

நீங்களாகவே மையத்துக்கு எடுத்துப்போவதானால் காரின் டிக்கியில் வைத்து, ஜன்னலைத் திறந்துகொண்டு போங்கள். ஆசிடையும் ப்ளீச்சையும் ஒரே பயணத்தில் எடுக்காதீர்கள். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் பேட்டரியோ தின்னரோ வைக்க வேண்டாம், வெயிலில் அந்த இடம் நன்றாகச் சூடாகும். பேருந்திலும் ரயிலிலும் கொண்டுபோகக் கூடாது.

எதையாவது வாங்க மறுத்தால், சீட்டோடு திரும்பக் கொண்டுவந்து, பூட்டும் அலமாரியிலோ உயரமான நிழலிடத்திலோ வைத்து, அடுத்த சேகரிப்பு நாளைக் கேட்டு நாள்காட்டியில் குறியுங்கள். உப்பிய பேட்டரிக்கு மட்டும் அந்தக் காத்திருப்பு கூடாது; அன்றே வேறு இடத்தைத் தேடுங்கள், போன் சர்வீஸ் சென்டரில் கேட்டால் சில இடங்களில் வாங்கிக்கொள்கிறார்கள்.

எல்லாம் போன பிறகு கையுறையைக் கழற்றும் முன் அதை வெளிப்புறமாக சோப்பு போட்டுக் கழுவுங்கள், பிறகு கையைக் கழுவுங்கள். வேலை செய்த இடத்தில் போட்ட மணலையும் கூட்டி அள்ளி, என்ன சிந்தியது என்று எழுதி, அடுத்த முறை கொடுக்கும் வாளியில் போட்டு வையுங்கள்.